மூன்று நிமிடக் காவல்

கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டுக்கு வந்தாலும் சரி, ஆறுக்கு வந்தாலும் சரி, அவர் வாயை மூடிவிடுவார். பாதி வசனத்தில் என்றாலும் மூடிவிடுவார். கையில் சோல்டரிங் அயன் இருந்தால் அதைத் தாங்கியில் வைப்பார். தேத்தண்ணிக் கோப்பை இருந்தால் சத்தம் வராமல் மேசையில் வைப்பார். பிறகு வலது கையை எங்களை நோக்கி உயர்த்திக் கண்ணை மூடுவார். மூன்று நிமிடம். முதல் நாள் நான் மனிதனுக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது என்று நினைத்து, "நானா, என்ன செய்யுது உங்களுக்கு?" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் கண்ணைத் திறக்காமல் என் கையை எடுத்து ஒரு பக்கமாக வைத்தார். மூன்று நிமிடம் முடிந்ததும் விட்ட இடத்தில் இருந்து தொடங்கினார்: "அதால கீழ் வரிசைக்குத்தான் முதல்ல வயர் இழுக்கணும் தம்பி."

நான் திருகோணமலையில், உள்துறைமுகத்தைப் பார்த்த மேட்டில் குடியிருக்கிறவன். வீட்டு மேல்மாடியில் ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறேன். கோயில் பாட்டு, தேவாலயப் பாட்டு, இஸ்லாமிய கீதம், கலியாண வாழ்த்து, கடை விளம்பரம், எது வந்தாலும் பதிவேன். ஏழெட்டு வருடத்துக்கு முதல் அந்த அறை இருந்த கோலத்தைச் சொல்லக்கூடாது. ஒரு மைக்கை மாற்றுவதென்றாலும் மேசைக்கு அடியில் படுத்து ஊர்ந்து, வயர்க் கும்பலுக்குள் கையை விட்டுத் தேட வேண்டும். "இஞ்சருங்கோ, அதுக்குள்ள பாம்பு குடியிருந்தாலும் எங்களுக்குத் தெரியாது" என்று மனைவி சொல்வாள். ஒருநாள் பக்திப் பாட்டுப் பாட வந்த பெரியவர் முன்னால் அடியில் இருந்து எழும்பும்போது தலை மேசையில் இடித்து, என் வாயில் வரக்கூடாத வார்த்தை எல்லாம் வந்துவிட்டது. அவர் பாடாமலே இறங்கிப் போய்விட்டார். அடுத்த கிழமை நான் கொழும்புக்குப் போய் பட்ச்பே ஒன்றை வாங்கி வந்தேன்.

பட்ச்பே என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நீட்டான இரும்புப் பெட்டி. அதன் முகத்தில் மேலே இருபத்துநான்கு ஓட்டை, கீழே இருபத்துநான்கு ஓட்டை. அறையில் உள்ள எல்லாக் கருவிகளின் வயர்களும் பின்பக்கமாக வந்து அதில் முடியும். ஒரு கருவியில் இருந்து வெளியே வருகிற சத்தம் மேல் ஓட்டைக்கு, இன்னொரு கருவிக்கு உள்ளே போகிற சத்தம் கீழ் ஓட்டைக்கு. முன்னால் ஒன்றும் செருகாமல் விட்டால் மேலே உள்ள சத்தம் நேர் கீழே உள்ள ஓட்டைக்குத் தானாக இறங்கிக்கொண்டிருக்கும். கீழ் ஓட்டையில் வேறொரு வயரைச் செருகினீர்களோ, அந்தத் தொடர்பு அறுந்துவிடும். இவ்வளவுதான். ஆனால் எந்த ஓட்டை எது என்று எழுதி ஒட்டாவிட்டால் பழைய வயர்க் கும்பலே மேல். கூட வந்த கையேட்டை இரண்டு நாள் படித்தேன். தலைதான் சுற்றியது.

பட்டினத்தில் அம்பிளிபயர் திருத்துகிறவர் ஒருவர்தான் ஆளைக் காட்டிவிட்டார். "கப்பல்ல ரேடியோ ஒபிசரா இருந்த மனிசன். மூதூர் ஆள். இப்ப இஞ்ச ஜமாலியாவில மகளோட இருக்கிறார். வயர் வேலையில அவரை அடிக்க ஆளில்லை. ஆனா கொஞ்சம்..." என்றவர் மிச்சத்தைச் சொல்லாமல் சிரித்தார்.

நானாவுக்கு அறுபது வயதுக்குக் கொஞ்சம் கூட இருக்கும் அப்போது; முஸ்லிம் பெரியவர்களை அண்ணன் முறையில் இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். இடுப்பில் வெள்ளைச் சாரம், சட்டைப் பையில் மூன்று பென்சில். இரண்டு காதும் தலையோடு ஒட்டிப்போயிருந்தன. வருடக்கணக்காக ஹெட்போன் அமுக்கியதால் அப்படி என்று அவரே சொன்னார். நம்புவதா விடுவதா என்று தெரியவில்லை. வந்தவர் பட்ச்பேயைப் பார்க்கவில்லை. நேரே சன்னலுக்குப் போய்த் துறைமுகத்தைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"மேல கம்பி ஒண்டு கட்டலாமா தம்பி?"

"எதுக்கு நானா?"

"கூலி எனக்கு வேணாம். இந்த நாற்பத்தெட்டு ஓட்டையில ஒரு சோடி எனக்குத் தாங்க. கடைசிச் சோடி. அத ஒருத்தரும் தொடக்கூடா."

காணி கேட்டு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன், கடன் கேட்டு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஓட்டை கேட்டு வந்த ஆளை அன்றுதான் கண்டேன். சிரித்துக்கொண்டு "எடுங்கோ" என்றேன். அடுத்த நாள் துவாயில் சுற்றிய பழைய ரேடியோப் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்தார். படகுகளும் கப்பல்களும் அவசரத்துக்குக் கூப்பிடுகிற அலைவரிசையைக் கேட்கிற பெட்டி. கேட்கத்தான் முடியும், அதில் பேச ஏலாது. அதன் சத்தத்தை இருபத்துநான்காவது மேல் ஓட்டைக்குக் கொண்டு வந்தார். அதற்கு நேர் கீழே உள்ள ஓட்டையை அறை மூலையில் இருந்த என் சின்ன ஸ்பீக்கருக்குக் கொடுத்தார். அந்தச் சோடிக்கு மேல் வெள்ளை டேப் துண்டில் "காவல்" என்று எழுதி ஒட்டினார்.

"இதென்ன நானா, பொலிஸ் நிலையமோ?" என்று பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

எழுதி ஒட்டுகிற வேலையில்தான் என் பொறுமை போனது. நான் அழகாக அச்சடித்து ஒட்டுவதற்கு ஒரு சின்ன மெசின் வாங்கி வைத்திருந்தேன். அதை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். முதலில் பென்சிலால் எழுதுவார். பிறகு ஹெட்போனை மாட்டி, அந்த ஓட்டையில் வயரைச் செருகி, சத்தம் வருகிறதா என்று கேட்பார். கேட்ட பிறகுதான் அதே எழுத்தின் மேல் பேனாவால் எழுதுவார். "பாடகர் மைக்" என்ற ஒரு சொல்லைப் பேனாவாக்க என்னைப் பத்து நிமிடம் பேச வைத்தார். என் குரல் போதாதென்று குசினியில் இருந்த மனைவியையும் மேலே கூப்பிட்டுப் பேச வைத்தார்.

"வயரைப் பூட்டினது நீங்கள், எங்க போகுதெண்டும் உங்களுக்குத் தெரியும். எழுதிவிட்டுப் போகலாமே நானா" என்றேன்.

"தெரியும் எண்டது வேற, கேட்டன் எண்டது வேற. கேக்காதத எழுதினா அது பொய் தம்பி."

பத்தொன்பதில் இருந்து இருபத்திரண்டு வரை ஒரு கருவியும் பூட்டாத வெறும் ஓட்டைகள். அவற்றுக்கும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டாம். வெறும் ஓட்டையில் மனிதன் என்னத்தைக் கேட்பான்? அவர் ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மெல்லிய இரைச்சல். அந்த இரைச்சலுக்குள், வெகு தூரத்தில், யாரோ பேசுவதற்காக மூச்சை இழுத்துவிட்டுப் பேசாமல் இருப்பது போல ஒன்று. என் மூச்சாகத்தான் இருக்க வேண்டும் என்று மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். அது நிற்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நான் கீழே போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோது மூன்று சோடிகளுக்குப் பேனாவால் "காலி" என்று எழுதியிருந்தார். இருபத்தோராவது மட்டும் பென்சிலில் இருந்தது.

"அது இன்னும் முடிவாகல்ல" என்றார், கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்கிற குரலில்.

சுவர் மணிக்கூட்டையும் அவர் விடவில்லை. இறக்கிக் கண்ணாடியைக் கழற்றி, பன்னிரண்டில் இருந்து மூன்று நிமிடத்துக்கும் ஆறில் இருந்து மூன்று நிமிடத்துக்கும் பச்சை நிறம் அடித்தார். கப்பல்களில் ரேடியோ அறை மணிக்கூடு அப்படித்தான் இருக்குமாம்.

"அரை மணிக்கு ஒருக்கா மூண்டு நிமிசம், உலகத்தில இரிக்கிற எல்லாக் கப்பலும் வாய மூடணும் தம்பி. அது சட்டம். பெலமான செட் வச்சிரிக்கிறவன் கதைச்சுக்கொண்டே இரிந்தா, தாழப் போறவன்ட சின்னச் சத்தம் ஆருக்குக் கேக்கும்?"

"இப்ப வானத்தில செய்மதி எல்லாம் வந்திட்டுதே நானா. இன்னும் அப்பிடிச் செய்யினமோ?"

"இல்ல. விட்டுட்டாங்க. நான் விடல்ல."

வேலை பத்து நாளில் முடிந்தது. அவர் வருவது முடியவில்லை. ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்குப் படியேறி வருவார், பகல் ஒரு மணிக்குப் போவார். மூலையில் பிரம்புக் கதிரை, மடியில் கொப்பி. அரை மணிக்கு ஒருக்கா எழும்பி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார், கையை உயர்த்துவார், கேட்பார், பிறகு கொப்பியில் எழுதுவார். ஒருநாள் அவர் கை கழுவப் போன நேரம் அந்தக் கொப்பியைப் புரட்டினேன். திகதி, நேரம், அதற்குப் பக்கத்தில் "கேட்டேன். ஒன்றுமில்லை." அடுத்த வரியிலும் "கேட்டேன். ஒன்றுமில்லை." பக்கம் பக்கமாக அதுதான். முத்து முத்தான எழுத்து. ஒன்றும் இல்லாததை இவ்வளவு கவனமாக எழுதி வைக்கிற மனிதனை நான் கண்டதில்லை.

பாட வருகிறவர்கள் பயந்தார்கள். சிலர் சிரித்தார்கள். இதில் பயங்கரம் என்னவென்றால் எங்களுக்கும் அது பிடித்துக்கொண்டது. ஒருநாள் அவர் போன பிறகு, பின்னேரம், குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மனைவி சட்டென்று நிறுத்தினாள். நான் பத்திரிகையில் இருந்து தலையைத் தூக்கினேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியே மதிலோரம் இலை கடித்துக்கொண்டிருந்த, பட்டினத்தில் திரிகிற மான்கள் போகிற சத்தம்கூடக் கேட்டது. பிறகு அவள் மறுபடி துருவினாள். மணி நான்கு அடித்து மூன்று நிமிடம். "ஐயோ, எங்களையும் பைத்தியமாக்கிப்போட்டுது இந்த மனிசன்" என்று சிரித்தாள். சிரிப்பு முழுதாக வரவில்லை.

அவர் எதைக் கேட்கக் காத்திருந்தார் என்பது ஒரு பகிடியில்தான் வெளியே வந்தது. ஒருநாள் பதினொன்றரைக் காவலில் ஸ்பீக்கர் திடீரென்று பேசியது. "நானா... நானா... கேக்குதா?" நல்ல தெளிவான குரல். அவர் எழும்பிவிட்டார். கொப்பி கீழே விழுந்தது. முகத்தில் ரத்தம் இல்லை. பேச முடியாத பெட்டியைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினார். அடுத்த வசனம் வந்தது: "நானா, பொயிலை முடிஞ்சிட்டு. உங்கட போட்ல கிடந்தாக் கிட்ட வாங்க."

யாரோ மீனவன் பக்கத்துப் படகில் இருந்த தன் நானாவைக் கூப்பிடுகிறான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரைப் பார்த்ததும் நிறுத்தினேன். கதிரையில் இருந்துகொண்டு சாரத்தின் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றுதான் சொன்னார். கப்பல் வேலையை விட்டு மூதூருக்கு வந்திருந்த காலம். அவருடைய ஒரே தம்பி ஆழ்கடல் படகில் போகத் தொடங்கியிருந்தான். "காலம பதினொண்டரைக்கு நான் வீட்ட இரிந்து கேப்பன், ஏதும் எண்டா அந்த நேரம் பாத்துக் கூப்பிடு எண்டு சொல்லித்தான் அனுப்பினன். ஒவ்வொரு நாளும் கேட்டன். ஒரு நாள் பதினொண்டரைக்குச் சரியா ஹெட்போனப் போட்டன். ஒண்டரை நிமிசம் போயிரிக்கும். கலியாணத்துக்குச் சொல்ல ஆக்கள் வந்து வாசல்ல நிக்கிறாங்க. மரியாத இல்லாம எப்பிடி இரிக்கிற? கழட்டி வச்சிட்டு எழும்பிப் போய் 'வாங்க, இரிங்க' எண்டன்."

படகு திரும்பவில்லை. ஒரு பலகைகூடக் கரைக்கு வரவில்லை.

"மிச்ச ஒண்டரை நிமிசத்தில அவன் கூப்பிட்டானா இல்லையா எண்டு எனக்குத் தெரியா தம்பி. அது ஒண்டுதான் எனக்குத் தெரியணும். கூப்பிடல்ல எண்டா நான் நிம்மதியாக் கண்ண மூடி மௌத்தாகிருவன்."

அதற்குப் பிறகு நான் அவரைப் பகிடி பண்ணவில்லை. என் மனைவியின் தம்பியும் அந்த நேரம் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் இருந்து படகில் போகிறவன். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை, அவன் ஒருவன்தான். அவன் வீட்டுக்கு வந்தால் நானா அவனைப் பக்கத்தில் இருத்தி, படகில் செட் எப்படி இருக்கிறது, பற்றரி எப்படி இருக்கிறது என்று துருவித் துருவிக் கேட்பார். வெள்ளை டேப்பில் "பதினொன்றரைக்குக் கூப்பிடு" என்று எழுதி, படகின் செட்டில் ஒட்டச் சொல்லிக் கொடுத்தார். "நான் கேட்டுக்கொண்டு இரிப்பன் மகன்" என்றார். மனைவிக்கு அது பெரிய தைரியம். நானாவுக்கு மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு அவருக்குத்தான்.

இனிச் சொல்வது என் கேவலம். சொல்லாமல் அவரைப் பற்றி எழுத ஏலாது.

தேவாலயப் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து பாட வந்தார்கள். ஒத்திகை நாள் நானா கையை உயர்த்திக் கண்ணை மூடியதும் ஒரு அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி அழுதேவிட்டாள். "அந்த ஐயா இருந்தா எங்களுக்குத் தொண்டை திறக்காது" என்றார் பாட்டுக்குப் பொறுப்பான அக்கா. நான் நானாவைத் தனியே கூப்பிட்டேன்.

"நாளைக்கு ஒரு நாள் வராதேங்கோ நானா. காவலை நான் பாக்கிறன்."

"முழு மூண்டு நிமிசமும் கேப்பீங்களா?"

"முழு மூண்டு நிமிசமும்."

கொப்பியையும் பேனாவையும் என் கையில் தந்துவிட்டுப் போனார்.

மறுநாள் பத்து மணிக்குப் பெண்கள் வந்தார்கள். பன்னிரண்டு பேருக்கு என்னிடம் இருந்தது நாலு ஹெட்போன். முன்பே பதிந்து வைத்த பின்னணி இசையைக் கேட்காமல் பாடச் சொன்னால் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அறையில் மிச்சமாக இருந்தது அந்தச் சின்ன ஸ்பீக்கர் ஒன்றுதான். இருபத்துநான்காவது கீழ் ஓட்டையில் இசை வயரைச் செருகினேன். ஸ்பீக்கரில் இசை வந்தது. நானாவின் ரேடியோ அறுந்தது. ஒவ்வொரு காவலுக்கும் முதல் கழற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு தரம் பிழையாகப் பாடினார்கள். பத்தரைக்கும் பதினொன்றுக்கும் வயரைக் கழற்றிக் கேட்டு எழுதினேன். ஏழாம் தரம் தொடங்கும்போது பதினொன்று இருபத்தைந்து. அந்த முறைதான் பன்னிரண்டு குரலும் ஒன்றாகி ஒரே குரலாக எழும்பியது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. பெரிய முள் பச்சைக்குள் போவதைப் பார்த்தேன். என் கை அந்த வயரின் மேல்தான் இருந்தது. இழுத்தால் இசை நிற்கும், பாட்டு குலையும். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எழுதி எழுதிக் கொப்பியே நிறைந்து கிடக்கிறது, இன்றைக்கு மட்டும் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். பாட்டு முடிந்தபோது பதினொன்று முப்பத்தைந்து. பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் வயரைக் கழற்றினேன். ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. கொப்பியை எடுத்து, அவருடைய எழுத்துக்குக் கீழே என் கோழிக் கிறுக்கலில் எழுதினேன்: "பதினொன்றரை. கேட்டேன். ஒன்றுமில்லை."

அன்று பின்னேரம் வரவேண்டிய மைத்துனனின் படகு வரவில்லை. இராத்திரி முழுக்க மனைவி கதவடியிலேயே இருந்தாள். விடிந்ததும் நானா படியேறி வந்தார், அவருக்குச் செய்தி போயிருந்தது. எனக்குச் சலாம்கூடச் சொல்லாமல் கொப்பியை விரித்துப் பார்த்தார். மனைவி அவருக்குப் பின்னால் நின்றாள்.

"கேட்டீங்களா தம்பி?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்திருக்கலாம். "ஓம் நானா. ஒண்டும் இல்லை" என்றேன்.

அவருடைய தோள் இறங்கியது. மனைவி பக்கம் திரும்பி, "பயப்படாதீங்க மகள். அவன் கூப்பிடல்ல. கூப்பிடல்ல எண்டா ஆபத்து இல்ல. எஞ்சின் நிண்டிரிக்கும், வருவான்" என்றார். அவள் முதல் தடவையாக உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தாள். என் பொய்யை எடுத்து அவர் அவளுக்கு மருந்தாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் வேறொரு படகு அவர்களைக் கட்டி இழுத்து வந்தது. மைத்துனன் வீட்டுக்கு வந்தபோது உதடு வெடித்து, உடம்பெல்லாம் உப்புப் பூத்திருந்தான். அக்கா அவனை அடித்தாள், பிறகு கட்டிப்பிடித்து அழுதாள், பிறகு சோறு போட்டாள். நானா அவனுக்கு எதிரில் கதிரையைப் போட்டு இருந்தார். நான் கதவோரம் நின்றேன்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கடலில் அன்று வேறு படகுகளும் நின்றன. அவற்றில் ஒன்றில் இருந்த யாரோ பேசியிருக்கலாம். அப்படித்தான் நான் நம்புகிறேன், பகலில்.

"படகுக்குள்ள தண்ணி வரத் தொடங்கிட்டுது. எங்கால வருதெண்டு தெரியேல்லை. மற்ற ரெண்டு பேரும் வாளியால இறைக்கினம். நான் பதினொண்டரை வரைக்கும் பாத்துக்கொண்டிருந்து கூப்பிட்டனான் நானா, நீங்கள் கேப்பியள் எண்டு. ஒரு மறுமொழியும் இல்லை. திருப்பித் திருப்பிக் கூப்பிட்டன். ரெண்டாவது நிமிசம் இருக்கும், ஒருத்தர் கதைச்சார்."

நானா முன்னால் குனிந்தார். "ஆரு?"

"பேர் சொல்லேல்லை. உங்கட ஆக்கள் கதைக்கிற மாதிரித்தான் கதை. மூதூர்ப் பக்கம். உங்கட குரல் எண்டுதான் நினைச்சன், ஆனா இளம் குரல். 'பின்னால தேடாத, நடுவில பலகைக்குக் கீழ பாரு, சாக்கால அடை' எண்டார். போய்ப் பாத்தா அங்கதான் ஓட்டை. அவர் சொல்லாட்டி நாங்கள் இல்லை."

"பொறகு?"

"பொறகு, 'கரையில ஒருத்தரும் கேக்கல்லயா?' எண்டு கேட்டார். இல்லை, ஒருத்தரும் கேக்கேல்லை எண்டன்." மைத்துனன் தண்ணீர் குடித்தான். "'ஓம், எனக்கும் அப்பிடித்தான்' எண்டார். அதோட நிண்டிட்டுது."

அவனுக்கு நானாவின் தம்பியைப் பற்றித் தெரியாது. எனக்கும் மனைவிக்கும்தான் தெரியும். மனைவி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். "நீங்கள் கேட்டனீங்கள்தானே?" என்றாள்.

"நான் கேக்கேல்லை" என்றேன். "வயரைச் செருகி வச்சிருந்தனான். கேக்காமல்தான் எழுதினனான். நானா, நான் கேக்கேல்லை."

மனைவி சுவரில் சாய்ந்துவிட்டாள். நானா என் பக்கம் திரும்பவே இல்லை. ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லது. எழும்பி வந்து அறைந்திருந்தால் வாங்கியிருப்பேன். அவர் பார்வை முழுக்க மைத்துனனின் முகத்தில் இருந்தது.

"மகன், கோவமாச் சொன்னானா?"

"இல்லை நானா. களைச்சுப்போய்ச் சொன்னார்."

நானா சோற்றுத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். அவன் தொடாமல் விட்டிருந்த சோற்றைக் குழம்போடு பிசைந்து, மீனில் முள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, உருட்டி அவன் வாயருகில் நீட்டினார். "தின்னு" என்றார். "தின்னுடா தம்பி, எவ்வளவு பசியோட இரிந்திரிப்பாய்."